வீட்டில் கட்டிய விமானம் – 7: குளவி கூடு கட்டும் குழாய்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பழுத்த லேத்காரர் மீட்டரைப் பார்த்து வேலை செய்வதில்லை. டூல் மழுங்கினால் சத்தம் மாறும்; கை தானாக சுவிட்சுக்குப் போகும். சொந்தமாக விமானம் கட்டுகிறவருக்கும் அந்தத் தைரியம் உண்டு. இன்ஜின் சத்தமே சொல்லிவிடாதா, மீட்டர் எதற்கு?

சத்தமே கேட்காதவர் என்ன செய்வார்? இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேசாதவர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து சிறுவயதிலேயே ஆசை பிடித்தது. பல வருடம் பாடுபட்டு அவர் கட்டிய குட்டி விமானம் 2014-இல் பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறில். பிருத்விராஜ் நடித்த ‘விமானம்’ என்ற மலையாளப் படம் அவர் கதையிலிருந்து பிறந்ததுதான். அவரைப் போன்றவருக்கு ஆர்பிஎம் மீட்டரின் முள்தான் காது.

பகலில், வானம் வெளுத்திருக்கும்போது மட்டும் பறக்கிறவருக்குத் தேவை கொஞ்சம்தான். ஏர்ஸ்பீட் மீட்டர், ஆல்டிமீட்டர், காம்பஸ். இன்ஜினுக்கு ஆர்பிஎம், சூடு, ஆயில் பிரஷர். டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒன்று.

காசு குறைந்தாலும் ஏர்ஸ்பீட் மீட்டரில் கை வைக்காதீர்கள். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. அந்த மீட்டருக்கு உயிர் பிட்டாட் குழாய்: எதிர்க்காற்று அதற்குள் மோதும் அழுத்தத்தைத்தான் முள் வேகமாகக் காட்டுகிறது. ஷெட்டில் நிற்கும் விமானத்தில் அந்த ஓட்டையைக் கண்டால் குளவி விடுமா? ஸ்விட்ச் போர்டு ஓட்டையிலேயே மண் அப்பிக் கூடு கட்டுகிற ஜாதி! 1996-இல் டொமினிகன் குடியரசில் போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஒரு பிட்டாட் குழாய் அடைபட்டிருந்தது. சந்தேகம் விழுந்தது குளவிக் கூட்டின் மேல். நிறுத்தி வைத்த நாட்களில் குழாய்க்கு உறை போட்டிருக்கவில்லை.

எல்லோரும் ஆசைப்படுவது செயற்கை அடிவானம் காட்டும் கருவிக்கு. நான் வாங்க மாட்டேன். அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாமல் அது கையில் இருந்தால் மேகத்துக்குப் பக்கத்தில் போகத் துணிச்சல்தான் வரும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை வெளியே தெரியாதபடி செய்து ஓட்டவைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

மிச்சமாகும் பணத்தில் முன்கண்ணாடியை நல்லதாகப் போடுங்கள். பிட்டாட் குழாய்க்குச் சிவப்புத் துணியில் ஓர் உறை தைத்து, தொங்கும் வாலும் வையுங்கள். கிளம்பும்முன் கழற்ற மறக்காதீர்கள்.