குதிரையும் அதன்மேல் ஒரு மனிதரும்

என் விடுதி அறைக்கு வரும் நண்பர்கள், மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, "யாரப்பா இந்தக் குதிரைக்காரர்?" என்று கேட்பார்கள். "அவர் இருக்கட்டும், முதலில் குதிரையைப் பார்" என்பேன். விலங்கியல் மாணவன் வேறென்ன சொல்வான் என்று சிரிப்பார்கள். காரணம் அது மட்டுமன்று.

அந்த ஓவியத்தை 1889-இல் தீட்டியவர் ரோசா பொன்னேர் என்னும் பிரெஞ்சு அம்மையார். 1822-இல் போர்தோ நகரில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் விலங்குகளை வரைந்து புகழ்பெற்றவர். விலங்கின் உடலமைப்பை அறிய இறைச்சிக் கூடங்களுக்கே சென்று பயின்றார். பெண்கள் ஆணுடை தரிக்கக் காவல்துறையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. அவ்வனுமதியைப் பெற்று, காற்சட்டை அணிந்து, பாரிஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இருமுறையாக ஒன்றரை ஆண்டு சென்று வரைந்து பழகினார். அவ்வுழைப்பின் பயனே 'குதிரைச் சந்தை' என்னும் பெரிய ஓவியம். அதன் அகலம் 16 அடிக்கும் மேல். இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1865-இல் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆப் ஹானர் விருது பெற்றார். பெண் ஓவியர்களுள் அவ்விருதை முதலில் பெற்றவர் அவரே.

அத்தகையவர் தமது 67-ஆம் வயதில் வரைந்த மனிதர் யார்? 'பஃபலோ பில்' எனப்பட்ட அமெரிக்கர் வில்லியம் கோடி. ரயில்பாதை போட்ட தொழிலாளர்களின் உணவுக்காகப் பதினெட்டு மாதங்களில் 4,280 காட்டெருமைகளைச் சுட்டதாகத் தாமே எழுதியவர்! 1889-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியின்போது தம் சாகசக் குழுவுடன் அங்கே வந்திருந்தார். பொன்னேர் அம்மையார் அக்குழுவின் கூடாரங்களுக்கிடையே அமர்ந்து, உயிருள்ள காட்டெருமைகளையும் குதிரைகளையும் அமெரிக்கப் பழங்குடி மக்களையும் வரைந்தார். கோடியையும் வரைந்தார்.

விலங்குகளை நேசித்தவர், அவற்றைக் கொன்றவரை எப்படி வரைந்தார்? அதை அறியத்தான் நான் படத்தை உற்றுநோக்கினேன். ஓவியத்தில் வீழ்ந்த காட்டெருமை ஏதும் இல்லை. வெற்றி ஆரவாரமும் இல்லை. அகன்ற தொப்பியும் குஞ்சம் வைத்த தோல் மேலாடையுமாக ஒருவர் வெண்குதிரைமேல் அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவர் முகத்துக்குத் தந்த கவனம் சிறிதும் குறையாமல் குதிரைக்கும் தரப்பட்டிருக்கிறது. புகழுரையும் இல்லை, வசையும் இல்லை. கண்டது மட்டுமே உள்ளது.

முதலாண்டுச் செய்முறை வகுப்பில், கண்ணாடிக் குடுவையில் இருந்த மீன் ஒன்றை வரைந்து ஆசிரியரிடம் காட்டினேன். அழகாகத்தான் இருந்தது. "நீ வரைந்தது புத்தகத்து மீன். இந்த மீனின் வால்துடுப்பு ஓரம் கிழிந்திருக்கிறதே, பார்த்தாயா?" என்றார். நான் பார்க்கவில்லை. அன்று வெட்கினேன். ஊரைவிட்டு வந்து, மொழி புரியாத மனிதர்களையும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகு உறைத்தது. வடநாட்டார் இப்படி, வங்காளியர் அப்படி என்று, கேள்விப்பட்ட படத்தையே அவர்கள்மேல் ஒட்டினேன். எதிரில் இருந்தவரைக் காணவில்லை.

விலங்குகளைப் பொறுமையாகப் பார்த்துப் பழகிய கண், மனிதரையும் நேராகப் பார்த்தது. கோடியின் பெயரைத் தாங்கிய அமெரிக்க ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்று அவ்வோவியம் இருக்கிறது. அதை நான் நேரில் கண்டதில்லை. என்னிடம் இருப்பது அச்சுப்படமே. ஆயினும் நாள்தோறும் ஆய்வுக்கூடத்துக்குப் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். முதலில் குதிரையை; பிறகு மனிதரை.