நிறுவனத்தின் பெயரால் பேசும் அதிகாரம்

வணிக நிறுவனம் ஒன்று சமூக ஊடகத்தில் தனக்கெனப் பக்கம் ஒன்றை வைத்திருக்குமாயின், அதில் வெளியாகும் ஒவ்வொரு சொல்லும் அந்நிறுவனத்தின் சொல்லாகவே கொள்ளப்படும். எழுதியவர் இயக்குநரா, நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரா என்பது வாசிப்போர்க்குத் தெரிவதில்லை. ஆகவே, அப்பக்கத்தில் எழுதவும் அழிக்கவும் யாருக்கு உரிமை உண்டு, அவ்வுரிமையை வழங்குபவர் யார், திரும்பப் பெறுபவர் யார் என்னும் வினாக்களைக் கணிப்பொறி வல்லுநர்க்கென்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் பிறர் பெயரால் பேசும்படி எங்ஙனம் நியமிக்கப்படுகிறார் என்ற பழைய வினாவே இங்கும் எழுகிறது.

இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 2013-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. எச்.எம்.வி. என்னும் பெயரை நம்முள் மூத்தோர் இசைத்தட்டுகளின்மேல் கண்டிருப்பர். கிராமபோன் குழாயின் முன் அமர்ந்து தன் எசமானின் குரலுக்குச் செவிசாய்க்கும் நாயின் படமே அதன் சின்னம். அப்பெயரில் 1921-இல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் திறக்கப்பட்ட இசைக்கடை பின்னாளில் நாடெங்கும் கிளைகளைப் பரப்பியது. விற்பனை குன்றி, 2013 ஜனவரியில் திவால் சட்டப்படி வெளியார் பொறுப்பில் அது ஒப்படைக்கப்பட்டது. அம்மாதம் 31-ஆம் நாள் தலைமை அலுவலகப் பணியாளர் பலர் ஒரே வேளையில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அச்செய்தியை உலகுக்கு அறிவித்தது, அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வமான ட்விட்டர் கணக்கே! பணிநீக்கம் நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ட்விட்டரை மூடுவது எவ்வாறு என்று தங்கள் சந்தைப் பிரிவு இயக்குநர் வினவியது காதில் விழுந்தது என்பதும் அவற்றுள் ஒன்று. சிறிது நேரத்தில் அவை அழிக்கப்பட்டன. ஆயினும் அதற்குள் பலர் படியெடுத்துப் பரப்பிவிட்டனர்.

எழுதியவர் ஓர் இளம் பெண் பணியாளர். தாம் கணக்கைக் கைப்பற்றவில்லை என்றும், பயிற்சியாளராக இருந்த காலத்திலேயே ட்விட்டர், முகநூல் ஆகிய இரண்டின் முழுப்பொறுப்பும் தம்மிடம் வந்துவிட்டது என்றும் அவர் பின்னர்த் தம் சொந்தக் கணக்கில் விளக்கினார். இந்நிகழ்ச்சியிலிருந்து நிறுவனத் தலைவர்கள் பலர் கற்றுக்கொண்ட பாடம், பணிநீக்கக் கடிதத்தை நீட்டுமுன் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்பதே. இது சிறிய பாடம்; பணியாளரைப் பகைவராகவே முன்கூட்டிக் கருதுவதால் கசப்பான பாடமுங்கூட. தவறு அப்பெண்மணியிடத்தில் தொடங்கவில்லை. நிறுவனத்தின் வாயையே பயிற்சியாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்தது யாது என்பதையும் அறியாதிருந்த மேலோரிடத்திலேயே அது தொடங்கியது. உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்பவர், அவன் கையில் கொடுத்தது இன்னது என்று முதலில் தாம் அறிந்திருக்க வேண்டுமன்றோ?

அக்காலத்தில் ட்விட்டரில் (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) ஒரு கணக்கிற்கு ஒரே கடவுச்சொல்தான். அதை அறிந்த அனைவரும் சம அதிகாரம் உடையவர். பத்துப் பேர் அறிந்திருந்தால், எழுதியவர் எவர் என்று பக்கத்தைப் பார்த்துக் கூற இயலாது. ஒருவரை விலக்க வேண்டுமாயின் எஞ்சிய ஒன்பது பேருக்கும் புதிய சொல் வழங்கவேண்டும். வெளியார் களவாடுவதற்கும் ஒரு சொல்லே போதும். அதே ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கணக்கு அவ்வாறு களவாடப்பட்டது. வெள்ளை மாளிகையில் குண்டுகள் வெடித்துக் குடியரசுத் தலைவர் ஒபாமா காயமுற்றார் என்ற பொய்ச்செய்தி அதில் வெளியானது. நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் 140 புள்ளிகளுக்குமேல் சரிந்து பின் மீண்டது.

முகநூலின் அமைப்பு வேறு. நிறுவனங்களுக்கான பக்கங்கள் 2007-இல் அங்குத் தொடங்கப்பட்டன. அத்தகைய பக்கத்திற்கெனத் தனிக் கடவுச்சொல் கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் சொந்தக் கணக்கின் வழியாகவே அதனுள் நுழைகின்றனர். எனவே உரிமை, ஒரு சொல்லை அறிந்தவர்க்கு அன்று, பெயர் குறிக்கப்பட்ட ஆளுக்கே வழங்கப்படுகிறது. எனினும் 2012 வரை நிர்வாகிகள் அனைவரும் ஒரே அளவு அதிகாரம் பெற்றிருந்தனர். அவ்வாண்டில்தான் ஐவகைப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன: அனைத்தையும் ஆளும் மேலாளர், பதிவுகளை எழுதுபவர், வாசகர் கருத்துகளைக் கண்காணிப்பவர், விளம்பரம் இடுபவர், புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்பவர். 2021 முதல் பரவிய புதிய அமைப்பில் இப்பெயர்கள் மறைந்து, முழுக் கட்டுப்பாடு, பகுதிக் கட்டுப்பாடு, குறித்த பணிக்கான அனுமதி என்னும் நிலைகள் வந்துள்ளன. முழுக் கட்டுப்பாடு உடையவர் பிறரைச் சேர்க்கலாம், நீக்கலாம், பக்கத்தையே அழித்தும் விடலாம். பகுதிக் கட்டுப்பாடு உடையவர் எழுதலாம், மறுமொழி கூறலாம். பிறருக்கு உரிமை வழங்கல் ஆகாது. குறித்த பணிக்கென அனுமதி பெற்றவரோ பக்கத்தின் உருவில் முகநூலுக்குள் உலவாமல், வேறு கருவிகளின் வழியே விளம்பரம், செய்தி போன்ற தம் வேலையை மட்டும் செய்கிறார்.

நடைமுறையில் பெரும்பாலோர் இடறுவது, பதவியின் உயரத்தை அனுமதியின் அளவோடு குழப்பிக்கொள்வதிலேயே. பக்கத்தைத் திறந்தும் பாராத மேலதிகாரி, தாம் மேலதிகாரி என்பதற்காகவே முழுக் கட்டுப்பாடு கேட்பதுண்டு. மறுப்பதற்கு யாருக்குத் துணிவு வரும்? நாள்தோறும் பயன்படாத அத்தகைய கணக்கைக் கள்வர் கைப்பற்றினால், பக்கம் முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். இதற்கு நேர்மாறான தவறு, ஒருவரிடம் மட்டுமே முழுக் கட்டுப்பாட்டை வைத்திருப்பது. அவர் இறந்தாலும், அவரது சொந்தக் கணக்கு முடக்கப்பட்டாலும் பக்கம் அனாதையாகிவிடும். குறைந்தது இருவர் வேண்டும். மிகப் பலர் வேண்டா. நிறுவனத்தின் பெயரில் பொய்யான தனியாள் கணக்கைத் தொடங்கி அதன்மூலம் பக்கத்தை ஆளுவோரும் உளர். போலிக் கணக்குகளை முகநூல் அனுமதிப்பதில்லை. அது நீக்கப்படும் நாளில் பக்கத்தின் வாயிலும் அடைபடும்.

உரிமையாளர் யார் என்பது வேறொரு வினா. ஃபோன்டாக் என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2010-இல் விலகிய எழுத்தாளர் ஒருவர், தாம் பயன்படுத்திவந்த ட்விட்டர் கணக்கின் பெயரை மாற்றித் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதனைப் பின்தொடர்ந்தோர் ஏறத்தாழ 17,000 பேர். அவர்கள் எவருக்கு உரியர் என்று 2011-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, தீர்ப்பின்றி 2012-இல் சமரசமாக முடிந்தது. இத்தகைய பூசலைத் தவிர்க்கவே, பக்கத்தை நிறுவனத்தின் வணிகத் தொகுப்பினுள் சேர்க்கும் வசதியை முகநூல் ஏற்படுத்தியுள்ளது. விளம்பர முகவர்க்கு அத்தொகுப்பிலிருந்து பணி அனுமதி அளித்தால் போதும். முகவரே தம் தொகுப்பில் பக்கத்தைத் தொடங்கித் தர இசைவது, ஒப்பந்தம் முடியும் நாளில் பக்கத்தை அவரிடம் கெஞ்சிப் பெறுவதற்கு இசைவதாகும். நம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வெளியாரைக் கொண்டு பக்கங்களை நடத்துமாயின் இதனை முதலிலேயே கேட்டறிதல் நலம்.

அனுமதி பெற்றோர் பட்டியலை மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்வையிடுவதும், கடவுச்சொல்லுடன் கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும் சில நிமிட வேலைகளே. பணியிலிருந்து விலகுவோரின் பெயரை விலகும் நாளிலேயே, அவர் அறியவே, எடுத்துவிடலாம். பிறர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அவர் எழுதிய பழைய பதிவுகளும் பக்கத்தில் அப்படியே நிற்கும். அவருடைய சொந்தக் கணக்குக்கும் ஊறு நேர்வதில்லை. மனக்குறை இருப்பின் அங்கே அவர் தம் பெயராலேயே பேசலாம்.