சத்தம் எங்கே போனது?

“அண்ணா, சத்தமே வரல!”

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம். தொடக்கநிலை 6ல் படித்த என் தங்கை, பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தாள். அடுத்து செப்டம்பரில் கேட்டல் கருத்தறிதல். வீட்டு மேசைக் கணினியில் பயிற்சிக்கான ஒலிப்பதிவைத் தட்டினாள். திரையில் நேரம் நகர்ந்தது. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

மார்சிலிங்கில் எங்களுடையது மூவறை வீவக வீடு. வரவேற்பறை மூலையில் இருக்கும் அந்தப் பழைய கணினிதான் வீட்டில் எல்லாருக்கும் பொது. என்னிடம் மடிக்கணினி இருக்கிறது. ஆனால், எனக்கும் அது பருவத்தேர்வு வாரம். இரண்டு இரவுகள் அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு நான் தூங்காமல் விழித்துப் படித்தேன். மூன்றாம் நாள் இருவருக்கும் சண்டை.

“நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? இதைச் சரிசெய்யத் தெரியாதா?” என்று அம்மா கேட்டார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி எவ்வளவு சுடும் என்பது தெரியும்.

அவசரத்தில் செய்த தவறு

இணையத்தில் தேடினேன். பத்துப் பதினைந்து வழிகள் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து பார்த்தேன். கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகினேன். ஒலிக்கான இயக்க மென்பொருளை நீக்கி மறுபடியும் நிறுவினேன். கண்ணில் பட்ட அமைப்புகளை எல்லாம் மாற்றினேன். நள்ளிரவு தாண்டியும் சத்தம் வரவில்லை. அதைவிட மோசம், எதை எதை மாற்றினேன் என்பதே எனக்கு நினைவில்லை.

மறுநாள் அப்பா ஒரு கடைக்குத் தொலைபேசியில் பேசினார். “பழசுதானே, புதுசா வாங்கிடுங்க” என்று பதில் வந்தது. அப்பா இரவு வேலை முடிந்து வந்தவர். ஒன்றும் சொல்லாமல் நாள்காட்டியில் சம்பளத் தேதியைப் பார்த்தார். அதைக் கண்டதும் எனக்கு மனம் உறுத்தியது. கணினி உண்மையிலேயே கெட்டுவிட்டதா, நான் கெடுத்துவிட்டேனா?

மாமா கேட்ட ஒரே கேள்வி

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மாமா இருக்கிறார். மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தொழில்நுட்பராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். அம்மா அவரை அழைத்து வந்தார். அவர் கணினியைத் தொடவே இல்லை. நாற்காலியில் அமர்ந்து, “தம்பி, கடைசியா எப்ப சத்தம் கேட்டுச்சு? அதுக்கப்புறம் இங்க என்ன மாறுச்சு?” என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். முந்திய வாரம் அத்தை கொடுத்த பெரிய திரையை மாட்டியிருந்தோம். பழைய திரைக்கு இருந்தது படத்தை மட்டும் கடத்தும் கம்பி. புதியதற்கு எச்டிஎம்ஐ கம்பி.

மாமா சிரித்தார். “சரி, வழியைப் பாதியாப் பிரிச்சுப் பாப்போம்” என்றார்.

ஒலி நம் காதுக்கு வரும் பாதை நீளமானது. கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். சிடி தரத்தில் ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். செயலி அவற்றை விண்டோசிடம் கொடுக்கிறது. விண்டோஸ் ஏதேனும் ஒரு வெளியீட்டுக் கருவியைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. தாய்ப்பலகையில் உள்ள சில்லு அந்த எண்களை மின் அலையாக்குகிறது. பச்சைத் துளை வழியாக அது கம்பியில் ஏறி ஒலிபெருக்கிக்குப் போகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை.

முதலில் ஒலிபெருக்கிக் கம்பியைக் கணினியிலிருந்து உருவி, அப்பாவின் பழைய கைப்பேசியில் செருகினோம். பாட்டு ஒலித்தது! ஒலிபெருக்கியும் கம்பியும் நலம். பாதிப் பாதை முடிந்தது. கோளாறு கணினிக்குள்தான்.

அடுத்து, கம்பியைப் பச்சைத் துளையில் செருகினோம். முந்திய இரவு நான் அதை இளஞ்சிவப்புத் துளையில் மாட்டிவைத்திருந்தேன். அது ஒலிவாங்கிக்கு உரியது. நீலம், வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவர. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட், இன்டெல் நிறுவனங்கள் வெளியிட்ட ‘பிசி 99’ வழிகாட்டி வகுத்த நிறங்கள் இவை.

பிறகு, திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலைத் திறந்தோம். அதில் ஒரே ஒரு பெயர். புதுத் திரையின் பெயர்!

இரண்டு கோளாறுகள்

அப்போதுதான் விளங்கியது. எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சேர்த்துக் கடத்தும். புதுத் திரையை மாட்டியதும் விண்டோஸ் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அந்தத் திரைக்கோ ஒலிபெருக்கியே கிடையாது. கணினி ஒரு வாரமாக ஒழுங்காகப் ‘பேசிக்கொண்டுதான்’ இருந்தது, காது இல்லாத ஒருவரிடம்.

சரி, பழைய ஒலிக் கருவியின் பெயர் பட்டியலில் ஏன் இல்லை? “நீ எதையாவது அணைச்சியா?” என்றார் மாமா. சாதன மேலாளரைத் திறந்தேன். தாய்ப்பலகையின் ஒலிக் கருவிக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி. செயலிழக்கச் செய்யப்பட்டதன் அடையாளம் அது. செய்தவன் நானேதான்.

அதைச் செயல்படுத்தினேன். வெளியீட்டுப் பட்டியலில் இரண்டாவது பெயர் தோன்றியது. அதைத் தேர்ந்தெடுத்ததும் தங்கையின் ஒலிப்பதிவு வீடு முழுக்க ஒலித்தது. செலவு, ஒரு வெள்ளிகூட இல்லை.

உங்களுக்கும் நேர்ந்தால்

அன்று நான் ஒரு தாளில் எழுதி, கணினிக்கு மேலே ஒட்டிவைத்தவை இவை:

1. கடைசியாக எப்போது வேலை செய்தது, பிறகு என்ன மாறியது என்று முதலில் கேளுங்கள்.
2. ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா, அதன் ஒலியளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. ஒலிபெருக்கியை வேறு கருவியில் மாட்டிச் சோதியுங்கள்.
4. கம்பி பச்சைத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. விண்டோசில் சரியான வெளியீட்டுக் கருவி தேர்வாகியுள்ளதா என்று பாருங்கள். குறிப்பிட்ட செயலி மட்டும் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். ஒலிக் கலவைப் பகுதியில் அது தெரியும்.
6. கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இயக்க மென்பொருளில் கைவைப்பது கடைசி வழி.
7. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாற்றியதை எழுதிவையுங்கள்.

ஏழாவதுதான் எனக்கு வலித்த பாடம். என் பாடநூலிலும் அது இருக்கிறது. அதைப் படித்துத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். வீட்டில் அவசரம் வந்ததும் மறந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் உற்பத்தியாளர்களையும் சேர்க்கும் திட்டம் 2021 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பழுதான பொருள்களைத் தொண்டூழியர்களின் உதவியோடு நாமே சரிசெய்யக் கற்கும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ 2014 முதல் இயங்குகிறது. ஒரு தவறான சொடுக்கால் எங்கள் கணினியும் அந்தக் குவியலில் சேர்ந்திருக்கும்.

அன்று மாமாவுக்கு அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். தங்கை முதல் பயிற்சியை முடித்தாள். பத்தில் ஆறு சரி. சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “சத்தம் வராமலே இருந்திருக்கலாம் அண்ணா!”