கடைக் கம்ப்யூட்டருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தராசும் கல்லாப்பெட்டியும் போல, பில் போடும் கம்ப்யூட்டரும் இன்று நம் கடைகளில் அன்றாடச் சாமானாகிவிட்டது. மாலை நேரக் கூட்டத்தில் அதன் திரை இருண்டுவிட்டால் வியாபாரமே நின்றுவிடுகிறது. அப்போது, "கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். நாமும் அவசரத்தில் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். சாக்கைத் திறந்து பாராமல் பருப்பு வாங்காத நாம், இதை மட்டும் பாராமல் வாங்கலாமா?

முதல் கேள்வி: நமக்குக் கார்டு தேவைதானா?

படத்தைத் திரைக்கு அனுப்பும் வேலையைச் செய்வதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்த வசதி பிராசஸரிலேயே சேர்ந்து வருகிறது. பில் போடவும், ஸ்டாக் பார்க்கவும், கணக்கு எழுதவும் அதுவே போதும். வாடிக்கையாளர் பக்கம் இரண்டாவது திரை வைக்க விரும்புவோர், மெஷினின் பின்புறம் வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. என இரண்டு வாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இரண்டிலும் திரை மாட்டலாம், செலவே இல்லை.

போர்டில் உள்ள வாய் பழுதானாலோ, திரைகளுக்கு வாய் போதாவிட்டாலோ, பிராசஸரில் படம் காட்டும் வசதி இல்லாவிட்டாலோதான் கார்டு வேண்டும். இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் அந்த வசதி கிடையாது என்று அறியவும்.

இரண்டாவது: ஸ்லாட் எது?

பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஸ்லாட்டுக்கு ஏற்ற கார்டு வேண்டும். 1992-ல் வந்தது பி.சி.ஐ. ஸ்லாட். 1997 வாக்கில் கிராஃபிக்ஸுக்கென்றே ஏ.ஜி.பி. வந்தது. 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தது. இவை மூன்றும் வெவ்வேறு. ஒன்றின் கார்டு மற்றொன்றில் ஏறாது. இன்று விற்கும் கார்டுகள் ஏறக்குறைய எல்லாமே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்தான்.

அதிலும் நீளம் பார்க்க வேண்டும். சுமார் 9 சென்டிமீட்டர் நீளமுள்ள 'எக்ஸ் 16' ஸ்லாட்டில்தான் கிராஃபிக்ஸ் கார்டு வழக்கமாக அமரும். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள 'எக்ஸ் 1' அதற்குப் போதாது. 2.0, 3.0, 4.0 என்ற எண்களைக் கண்டு மிரள வேண்டாம். புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் குறைந்த வேகத்தில் ஓடும். ஆனால் 2012-க்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் புதிய கார்டு படமே காட்டாமல் போவதுண்டு. பழைய மெஷின் வைத்திருப்போர் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது: கேபினெட்டில் இடம் உண்டா?

மேஜை இடம் மிச்சமாகட்டும் என்று நம்மில் பலர் ஒல்லியான கேபினெட் வாங்கியிருக்கிறோம். அதற்கு 'லோ புரொஃபைல்' எனும் உயரம் குறைந்த கார்டும், அதற்கேற்ற குட்டைத் தகடும் தேவை. நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் முழு உயரக் கார்டை வாங்கிவந்தார், மூடி மூடவில்லை. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது என்று கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. முதல் முடங்கியது. விசிறி பெரிதாக உள்ள சில கார்டுகள் இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

நான்காவது: கரண்ட் தாங்குமா?

எக்ஸ் 16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். சில கம்பெனி மெஷின்களில் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வேண்டும்: 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட் வரை கொடுக்கும். கடைவேலைக்கு இவ்வளவு தேவையில்லை. ஜி.டி. 710 வகை 19 வாட்டிலும், ஜி.டி. 1030 வகை 30 வாட்டிலும் ஓடுகின்றன. தனி வயர் வேண்டாம். எனினும் ஜி.டி. 710-க்கு வழக்கமான புதிய டிரைவர் வருவது 2021-லேயே நின்றுவிட்டது. அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது: திரையின் வாய்

நம் பழைய திரைகள் பலவற்றில் வி.ஜி.ஏ. மட்டுமே உண்டு. ஜி.டி. 1030 போன்ற கார்டுகளில் அந்த வாய் இல்லை. எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். வெறும் வயர் மட்டும் போதாது.

மாட்டும்போது

முதலில் பில்லிங் கணக்கைப் பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மாட்டியபின் திரை வயரைப் புதுக் கார்டில் செருகுங்கள். பல மெஷின்களில் கார்டு போட்டதும் போர்டின் பழைய வாய் தானே நின்றுவிடும். அதைப் பழுதென்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது மெஷினின் மாடல் எண், ஸ்லாட்டின் போட்டோ, எஸ்.எம்.பி.எஸ். லேபிள் மூன்றையும் கையில் கொண்டு செல்லுங்கள். "பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கார்டின் சீரியல் எண்ணும் நம் ஜி.எஸ்.டி. எண்ணும் பில்லில் இருக்கட்டும். வாரண்டிக்கும் உள்ளீட்டு வரி வரவுக்கும் அதுவே ஆதாரம். காம்போசிஷன் முறையில் இருப்போருக்கு அந்த வரவு கிடையாது.

சரக்கைத் தரம் பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. அதே கண்ணோடு இதையும் பார்ப்போம்; வீண் செலவைத் தவிர்ப்போம்.