காயம் ஆற்றும் பூச்சு

உலோகத்துக்கு இட்ட பூச்சில் மயிரிழையளவு கீறல் விழுந்தாற் போதும். நீரும் உப்பும் அவ்வழியே புகுந்து அரிக்கத் தொடங்கிவிடும். விமானங்களுக்கான அலுமினியக் கலப்புலோகத்தில் இவ்வரிப்பைத் தடுக்க நெடுங்காலம் குரோமேற்று உப்புகளே உதவின. அவையோ புற்றுநோய் விளைப்பன. கையாளும் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கேடு.

2011 இல் போர்த்துக்கல் நாட்டு அவெய்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர் வேறொரு வழி காட்டினர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசான் என்னும் இயற்கைப் பல்பகுதியத்தில் சீரியம் உப்பைச் சேமித்து, மேற்பூச்சின் கீழே படலமாக இட்டனர். கீறல் விழுந்த இடத்தில் அரிப்புத் தொடங்கியதும் சீரியம் வெளிப்பட்டு, கரையாப் படிவாகப் படிந்து அதனை அடக்குகிறது. கீறல் மறைவதன்று, அரிப்பு அடங்குவதே இங்கு ஆறுதல் எனப்படுவது.

நாம் குப்பையில் எறியும் ஓடு, உலோகத்தோடு ஒரு தொழிலாளியின் மூச்சையும் காக்கக்கூடுமன்றோ?