"நாளை வா" என்று சொல்லாதிருப்போம்



கொடுக்கத்தக்கது கையில் இருக்கும்போது, அயலானை மறுநாள் வரச்சொல்லி அனுப்பலாகாது என்று நீதிமொழிகள் 3:28 போதிக்கிறது. அன்றாடக் கூலியை அன்றே கொடுத்துவிட வேண்டுமென்ற கட்டளை லேவியராகமம் 19:13-ல் இருக்கிறது. இரண்டும் உணர்த்துவது ஒன்றே: இருப்பவனுக்கு ஒரு நாள் தாமதம் சிறிது, இல்லாதவனுக்கோ அது ஒரு வேளைச் சோறு.

மருத்துவப் பணியில் இதைக் கண்கூடாகக் காண்கிறோம். தொழுநோய் பெரும்பாலும் உணர்ச்சியற்ற ஒரு தேமலாகவே தொடங்குகிறது. அப்போதே வந்தால் 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையில் குணமாகும். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த இச்சிகிச்சைக்கான மருந்து 1995 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நரம்பு கெட்டபின் வந்தால், நோய் தீர்ந்தாலும் மடங்கிய விரல் தானாக நிமிராது.

தாமதம் நோயாளியால் மட்டுமா? ஒருநாள் கூலியை இழந்து முதல் பஸ்ஸில் வந்தவரை, "கூட்டம் அதிகம், நாளை வாருங்கள்" என்று நாங்களும் அனுப்பியதுண்டு. சிலர் திரும்பி வரவேயில்லை. இவ்வசனம் முதலில் எங்களையே கடிந்துகொண்டது. இப்போது தூரத்திலிருந்து வருகிறவர்களை அன்றே பார்த்து அனுப்ப முயலுகிறோம்.

உங்கள் வீட்டிலும் யோசித்துப் பாருங்கள். வேலைக்கார அம்மாவின் சம்பளம், பால்காரரின் பாக்கி, பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நோயாளி... இவற்றில் எது நாளைக்கென்று தள்ளிக் கிடக்கிறது? அதை இன்றே செய்து முடிப்போம். எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.