இரவல் கூறை

ஸஹீஹுல் புகாரியில் மணப்பெண்ணுக்காக உடுப்பு இரவல் வாங்குவது பற்றி இரண்டு இடங்களில் தலைப்பு வருகிறது. ஒன்று அன்பளிப்புகள் பற்றிய பாகத்தில், மற்றது திருமணம் பற்றிய பாகத்தில். முதலாவதன் கீழ் வருவது ஆயிஷா (ரழி) அவர்களின் சட்டை பற்றிய செய்தி. ஐந்து திர்ஹம் பெறுமதியான முரட்டுத் துணிச் சட்டையொன்றை அவர்கள் அணிந்திருக்கிறார்கள். அதை வீட்டுக்குள் உடுத்தக்கூட அவர்களுடைய பணிப்பெண்ணுக்கு விருப்பமில்லை. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதுபோல ஒன்று தம்மிடம் இருந்தது, மதீனாவில் அலங்கரிக்கப்படும் எந்தப் பெண்ணும் அதை இரவல் கேட்டு ஆளனுப்பாமல் இருந்ததில்லை என்று அவர்கள் அப்போது சொல்லிக் காட்டுகிறார்கள்.

பயான்களில் இதை எளிமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் பதுளையில் இருபது வருஷத்துக்கு மேலாக மணப்பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறவள் என்ற வகையில் எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஒரே உடுப்பு பல பெண்களுக்குப் போய் வந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை, கொடுத்தவருக்கும் சலிப்பு இருக்கவில்லை. அடுத்த தலைமுறைப் பணிப்பெண்ணுக்கு அது பழைய மோஸ்தராகிப்போனதும் அதே செய்தியிலேயே இருக்கிறது!

சூழலுக்குத் தீங்கில்லாத, நிலைபேறான உடுப்பு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் விலை கூடிய இன்னொரு புது உடுப்பை வாங்கச் சொல்வதிலேயே முடிகிறது. என் கண்ணில், மணப்பெண்ணின் உடுப்பில் நாம் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் புதிதாக ஒன்றைச் செய்யாமல் விடுவது. நம்மிடம் அந்த வழக்கம் இருந்தது. எங்கட உம்மம்மாமாரின் காலத்தில் ஒரு கூறை மூன்று நான்கு வீட்டுக்குப் போய்வரும். "அவட கூறையத்தான் நானும் உடுத்தேன்" என்று ராத்தாமார் சொல்வதில் ஒரு உறவு இருக்கும்.

அது ஏன் நின்றது? பெருமை கூடிவிட்டது என்று சொல்லிவிடுவது லேசு. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து பார்த்தால் இன்னொரு காரணம் இருக்கிறது. சாரி தைக்காத துணி. ஆறு யார் நீளம், யாருடைய உடம்புக்கும் சுற்றிக்கொள்ளலாம். ஜாக்கெட்டை மட்டும் அவரவர் அளவுக்குத் தைத்தால் போதும். லெஹங்காவும் நீண்ட கவுனும் வந்தபோது உடுப்பு முழுவதும் ஒரே பெண்ணின் மார்பளவு, இடுப்பளவு, உயரத்துக்கு வெட்டப்பட்டது. அதை இரவல் கொடுப்பது அவ்வளவு லேசல்ல. ஒரு பக்கம் பிரித்தால் கல்லும் முத்தும் கொட்டும், வெட்டின துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஆகவே அது ஒரு நாள் உடுத்தி, பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏறுகிறது.

ஏறுகிற பொருள் என்ன என்றும் பார்க்கவேண்டும். இந்த வகை உடுப்பின் வலைத்துணி, சாட்டின், உள்ளே விறைப்பாக நிற்கிற பாவாடை எல்லாம் அநேகமாகப் பொலியெஸ்டர் அல்லது நைலோன். இரண்டும் பெற்றோலியத்திலிருந்து செய்யப்படுபவை, மண்ணில் உக்காதவை. மேலே ஒட்டியிருக்கும் மினுக்குகள் பிளாஸ்டிக். ஒட்டின கல் தண்ணீர் பட்டால் கழன்றுவிடும் என்பதால் ஒழுங்காகக் கழுவவும் முடியாது. பட்டு வேறு கதை. கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவை வெந்நீரிலோ நீராவியிலோ கொன்றுதான் வழக்கமாக நூல் எடுக்கிறார்கள். நம் பெண்களுக்குப் பட்டு ஆகுமானது. அத்தனை ஆயிரம் உயிர் போய்ச் செய்த துணியை ஒரு பகலோடு மடித்து வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. (மாப்பிள்ளைமார் கவலைப்படத் தேவையில்லை. பட்டு ஷெர்வானி என்று கடையில் கொடுப்பதில் பெரும்பாலானது பொலியெஸ்டர்தான்.)

இதற்கு யாருடைய சல்லி போகிறது? பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை கடைத்தெருக்களில் நம்மவர்களின் சின்னக் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் தோட்டத்துச் சம்பளம். 2021இல் அந்த நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது, 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனது. அந்தச் சம்பளக்காரர் வாங்கும் சீனியிலும் சோப்பிலும் கிடைக்கும் இலாபத்தைச் சேர்த்துத்தான் நம் வாப்பாமார் மகளின் உடுப்பை எடுக்கிறார்கள். துணியோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது, நிக்காஹ் நாள் குறித்திருந்த வீடுகளில் நடந்த கணக்குப் பார்ப்பை நான் கண்டேன். கலியாணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு வாப்பா என்னிடம் சொன்னது: "மகள் சரியென்டு செல்லிட்டா. மாப்புள வீட்டுக்குத்தான் சாரி போதாதாம்."

தைக்கிறவர்களின் கதை இன்னும் பின்னால் நிற்கிறது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாஸா இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தபோது உலகமே தையல்காரர்களைப் பற்றிப் பேசியது. நம் ஊவாப் பிள்ளைகளும் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்துக்குப் போய் உலகத்துக்கு உடுப்புத் தைத்தவர்கள், இன்றும் தைக்கிறவர்கள். என்னிடம் முத்துக் கோர்க்க வரும் இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். கழுத்தைச் சுற்றி ஒரு சாண் கை வேலைக்கு இரண்டு நாள் குனிந்திருக்கவேண்டும். விலை பேசும்போது வீட்டார் முதலில் குறைக்கக் கேட்பது அந்தக் கூலியைத்தான், துணியின் விலையையல்ல. கூலியை வியர்வை காயுமுன் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் தெரிந்த வீடுகளிலும், வலீமா முடிந்து மாதக்கணக்காக மிச்சச் சல்லிக்கு நடக்கவேண்டி வந்திருக்கிறது.

இரவலுக்கு வருவோம். நம் மார்க்கத்தில் அது வெறும் பெருந்தன்மை அல்ல. அல்-மாஊன் என்ற அத்தியாயத்தின் பெயரையே, வீட்டுச் சாமான்களை இரவல் கொடுப்பது என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். அதற்குச் சட்டமும் உண்டு, அது தெரியாததால்தான் பல வீடுகளில் மனஸ்தாபம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரவல் பொருள் அனுமதிக்கப்பட்ட பாவனையால் தேய்ந்தால் வாங்கியவர் மீது குற்றமில்லை. வேறு வழியில் கெட்டாலோ தொலைந்தாலோ, அவருடைய கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. ஹுனைனுக்கு முன் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை வாங்கியபோது, அது பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று நபியவர்கள் கூறியதை ஆதாரமாகக் காட்டுவார்கள். வாடகை வேறு. கூலி கொடுத்து எடுத்தவர் தன் தவறில்லாமல் நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பாளி அல்ல. அப்படியிருக்க, வாடகையும் வாங்கி, ஒரு கல் உதிர்ந்ததற்கும் முற்பணத்தில் வெட்டுகிற இடங்கள் இருக்கின்றன. எடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். புரியாணிக் கறை எந்தப் பக்கத்தில் சேரும் என்பதை நான் ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நகைக்கும் இது பொருந்தும். ஹஃப்ஸா (ரழி) அவர்கள் நகை வாங்கி, கத்தாபின் குடும்பப் பெண்கள் அணிவதற்காக வக்ஃப் செய்ததாக இப்னு குதாமாவின் அல்-முக்னீயில் வருகிறது. சிறு அளவில் தங்கம் அரிக்கிற இடங்களில் பாவிக்கும் பாதரசம்தான் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தின் ஆகப் பெரிய ஊற்று என்று ஐ.நா.வின் சூழல் அமைப்பு சொல்கிறது. இதை வைத்துப் பார்த்தால், குடும்பத்தில் இருக்கிற பழைய பவுனைச் சுற்றி வரவிடுவதன் அருமை விளங்கும்.

பழைய கூறைகளை ஒரு ஊரே சேர்த்து வைக்கலாம் என்பதற்கு அடுத்த கரையில் உதாரணம் இருக்கிறது. கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் தூத என்ற ஊரைச் சேர்ந்த நாசர் என்ற வாகனச் சாரதி, 2020இல் கலியாண உடுப்பு வங்கியொன்றைத் தொடங்கினார். அலுமாரியில் கிடப்பதைத் தாருங்கள் என்று கேட்டார், வந்ததைச் சுத்தம் செய்து இலவசமாகக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான மணப்பெண்கள், எல்லாச் சமூகத்தவரும், அங்கிருந்து உடுப்பு எடுத்திருக்கிறார்கள். குருத்தலாவையிலோ சில்மியாபுரவிலோ பதுளை டவுனிலோ இதைச் செய்ய நாலு சாரியும் ஒரு அலுமாரியும் போதும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் பசறை, லுணுகலை, பிபிலை வழியாக இறங்கி அம்பாறையைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் போங்கள். மருதமுனையில் நம்மவர்களே தறியில் நெய்கிறார்கள். 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு மலிவான இறக்குமதித் துணி வந்து பல தறிகள் ஓய்ந்தன, 2004 சுனாமியும் அந்த ஊரை அடித்தது. அதற்குப் பிறகும் அந்தக் கைத்தொழில் சாகவில்லை. மருதமுனைச் சாரியில் மினுக்கம் குறைவு, மணமேடைக்குக் காணாது என்பார்கள். கரைக்குக் கையால் முத்து வேலை செய்து நான் இரண்டு கூறைகள் முடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் கழுவி உலர்த்தி அடுத்த வீட்டுக்குப் போயின.

அலுமாரி தொடங்குகிறவர்களுக்குத் தையல்காரியாகச் சில சொற்கள். ஜாக்கெட்டின் இரு பக்கமும், கைக்குள்ளும் இரண்டு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள், எத்தனை தடவையும் பிரித்துப் பெருப்பிக்கலாம். கல்லை ஒட்டாமல் நூலால் தையுங்கள். எங்கட மலைநாட்டு ஈரத்துக்குப் பொலித்தீன் பை ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும். கழுவின பழைய பருத்திச் சாரியில் சுற்றி, மூன்று மாதத்துக்கொருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். அலுமாரியைப் பள்ளிவாசல் ஒபீஸில் வைக்காதீர்கள். நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு பிள்ளை எப்படி வந்து கேட்கும்? மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஒரு ராத்தாவின் வீடு போதும். கதவைச் சாத்தி உடுத்திப் பார்க்கக் கண்ணாடி இருக்கவேண்டும். எடுத்தவரின் பெயர் அவருடைய கொப்பியில் மட்டும் இருக்கட்டும், பையில் இலக்கம் மட்டும்.